ரெண்டு சட்டி அனகி அடுப்பு: அடுப்பு நல்லம், வைக்கிற விறகத்தான் பார்க்கணும்

அனகி அடுப்பு (ரெண்டு சட்டி வைக்கிற களிமண் விறகடுப்பு) வாங்கலாமா எண்டு கேக்கிற ஆக்களுக்கு முதல்லயே சொல்லிடுறன், வாங்குங்க, நல்ல சாமான், இன்னொருக்கா வாங்கிறதெண்டாலும் நான் இதத்தான் வாங்குவன். ஆனா இத விக்கிற ஆக்கள் "விறகு மிச்சம், காட்டுக்கும் நல்லம்" எண்டு ரெண்டு கதை சொல்லி விக்கிறாங்க, முதல் கதை மெய்தான், ரெண்டாவது கதை அடுப்புல இல்ல, அடுப்புக்குள்ள நாம எத வைக்கிறம் எண்டதுலதான் இரிக்கு. அதப் பத்தி ஆரும் கதைக்கிறதக் காணல்ல, அதாலதான் இவ்வளவு நீளமா எழுதுறன்.

எங்கட வீடு மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில, வீட்டுல ஆறு பேர், கேஸும் இரிக்கு. 2021 கடைசியில சிலிண்டர் வெடிக்கிற கதை வந்து, மறுகா 2022ல கேஸே இல்லாமப் போய், பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர் ஐயாயிரத்துக்குக் கிட்டப் போனது எல்லாருக்கும் ஞாபகம் இரிக்கும். அந்த நேரம் எங்கட ஒழுங்கையில எல்லா வளவுலயும் மூணு கல்லு வைச்சு அடுப்பு மூட்டினாங்க. கேஸ் திரும்பி வந்த பிறகும் கனபேர் விறகுலயே நிண்டுட்டாங்க, செலவு குறைவு, சோறும் ஆணமும் ருசி. நாங்களும் கேஸ அவசரத்துக்கு எண்டு வைச்சிட்டு பெரிய சமையல் எல்லாத்தையும் பின்பத்தியில விறகுலதான் செய்யிறம், அதுக்குத்தான் இந்த அடுப்பு.

சாமான் எப்பிடி எண்டா, சுட்ட களிமண்ணுல ஒரே துண்டா செஞ்சது, ஆறு பேர் வரைக்கும் உள்ள குடும்பத்துக்கு அளவு. முன்னுக்கு விறகு வைக்கிற வாய் ஒண்டு, மேல சட்டி வைக்க ரெண்டு ஓட்டை, முதல் ஓட்டைக்குக் கீழதான் நெருப்பு. அதுல இருந்து பின் ஓட்டைக்குப் போற வழியில உள்ளுக்கு மண்ணால ஒரு ஏத்தம் வைச்சிரிக்காங்க, கைய விட்டுத் தடவிப் பார்த்தா விளங்கும், நெருப்பும் சூடும் நேர ஓடிப் போகாம முதல் சட்டிட அடியில முட்டி, மறுகா ஏறித்தான் பின் சட்டிக்குப் போகும். ஓட்டை விளிம்புல சின்னக் குமிழ் இரிக்கு, சட்டி அதுல ஏறி நிக்கும், அந்த இடைவெளியால சூடு சட்டியச் சுத்தி வெளிய வரும். இது ஒண்டும் இப்ப வந்த கண்டுபிடிப்பு இல்ல, எண்பதுகள்ல இலங்கையிலயே குயவர் சக்கரத்துல செய்யக்கூடிய மாதிரி வடிவமைச்சது, இப்பவும் கூடுதலா சிங்கள ஊர்கள்ல செஞ்சு லொறியில வாறது.

வாங்கின உடன அப்பிடியே நிலத்துல வைச்சு எரிக்கலாம்தான், ஆனா நாங்க புத்து மண்ணும் உமியும் சாணியும் குழைச்சு சுத்திவர மொத்தமா அப்பி காயவிட்டம். இதச் செய்யாம விட்டுடாதீங்க. மண் பூசினா சூடு வெளிய போகாது, வெளிப்பக்கம் தொட்டா சுடாது (சின்னப் புள்ளைகள் இரிக்கிற வீட்டுல இது பெரிய விசயம்), வெடிப்பு விழுந்தாலும் அடுப்பு பிரிஞ்சு போகாம பிடிச்சு வைச்சிரிக்கும்.

சமையலுக்கு எப்பிடி? முன் ஓட்டையில சோத்துக்கு உலை, பின் ஓட்டையில பருப்போ ஆணமோ, ரெண்டும் ஒரே நெருப்புல முடியும். பின் ஓட்டைக்கு சூடு கொஞ்சம் குறைவுதான், அதுல வைச்சு உலை கொதிக்க வைக்கப் பார்த்தா பொழுதுபடும். முன்னுக்குக் கொதிக்க விட்டு பின்னுக்கு மாத்தினா நிண்டு அவியும், மீனாணம் பின்னுக்கு நிண்டு வத்துறது தனி ருசி. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் முன் ஓட்டைதான். ஒரு விசயம் கட்டாயம், பின் ஓட்டைய சும்மா திறந்து விடாதீங்க, ஒண்டும் இல்லாட்டி ஒரு கேத்தல் தண்ணியாவது வைங்க, இல்லாட்டி நெருப்பு அதால ஏறி வெளிய போய் மிச்சம் பிடிக்கிற விறகெல்லாம் வீண். பெரிய அண்டா, கிடாரம் எல்லாம் இதுல வைக்க ஏலா, அந்தியேட்டி, கலியாணச் சமையலுக்கு இத நினைக்காதீங்க.

விறகு மிச்சமா எண்டா ஓம், மிச்சம். மூணு கல்லு அடுப்புல எரியிற சூட்டுல நூத்துக்கு 10, 15தான் சட்டிக்குப் போய்ச் சேருது, மத்ததெல்லாம் காத்தோட போகுது, கடற்கரைப் பக்கத்து கச்சான் காத்துக்கு இன்னும் மோசம். அனகியில விறகு நூத்துக்கு 30 வரைக்கும் குறையும் எண்டு சொல்லித்தான் நாடு முழுக்க அறிமுகம் செஞ்சாங்க, எங்கட வீட்டுல நான் பார்த்த அளவுல அது பொய்யில்ல, முந்தி ஒரு கட்டு முடியிற நேரத்துல இப்ப மூணுல ஒரு பங்கு கட்டுல மிஞ்சி நிக்குது. அதுக்கு ரெண்டு நிபந்தனை, விறகு காஞ்சிரிக்கணும், மெல்லிசா இரிக்கணும்.

காஞ்சிரிக்கணும் எண்டு ஏன் சொல்றன் எண்டா, அப்பத்தான் வெட்டின பச்சை மரத்துட பாரத்துல பாதிக்குக் கிட்ட தண்ணி. அத அடுப்புல வைச்சா முதல்ல அந்தத் தண்ணிய ஆவியாக்கத்தான் நெருப்பு வேலை செய்யும், சட்டிக்கு மறுகாதான். விறகுட வெளி முனையில நுரை தள்ளி சீய்ங்கெண்டு சத்தம் கேக்குதெண்டா நீங்க சோறு ஆக்கல்ல, மரத்த அவிச்சிட்டு இரிக்கிறீங்க. புகையும் அப்பத்தான் கூட. கூரைக்குக் கீழ காத்து படுற மாதிரி ரெண்டு மூணு மாசம் அடுக்கி வைச்சா தண்ணி பாரத்துல 20 வீதத்துக்குக் கிட்ட இறங்கும், மாரி வரமுன்னமே அடுக்கிடணும், நம்மட பக்கம் நவம்பர் டிசம்பர்ல மழை பிடிச்சா பிறகு ஒரு கொத்தும் காயாது.

மெல்லிசா எண்டதுதான் இந்த அடுப்புல எனக்கு ஆகப் பிடிச்ச விசயம். இதுட வாய் சின்னன். கை மணிக்கட்டு மொத்தத்துக்கு மேல உள்ள கட்டைய வைச்சா வாய் அடைச்சு காத்துப் போகாது, நெருப்பு செத்துப் புகையும். அதால இந்த அடுப்பு கேக்கிறது காட்டு மரக் கட்டைய இல்ல, வேலிக் கதியால் வெட்டிற கொப்பையும் தென்னை மட்டையையும். எங்கட வேலி முழுக்க சீமைக்கிளுவை, கிளிசரிடியா எண்டு சொல்றதும் இதத்தான், நட்டு ஒரு வருசம் ரெண்டு வருசத்துல பிடிச்சிட்டா பிறகு வருசா வருசம் வெட்ட வெட்டத் தளிர்க்கும், அடி மரம் சாகாது. குழை ஆட்டுக்கு, வயலுக்குப் பசளை, காத்துல இரிக்கிற நைதரசன வேர்ல பிடிச்சு மண்ணுக்கும் குடுக்கும், கொப்பு அடுப்புக்கு. 2005ல தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது தோட்டப் பயிர் எண்டு அரசாங்கமே இத அறிவிச்சது, முக்கியமா எரிபொருளுக்கும் கரண்டுக்கும் எண்டுதான். ஆனா எங்கட ஊர்ல வேலி வெட்டின கொப்ப ஒழுங்கையில குவிச்சு வைச்சு வெறுமனே கொளுத்திறாங்க, கொளுத்திப்போட்டு விறகு காலைக்கு (விறகு விக்கிற இடத்துக்கு) போய் காசு குடுத்து காட்டு விறகு வாங்கிறாங்க. இதப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

விறகு காலைக் கதைக்கு வருவம். பேர் ஊர் சொல்லல்ல, ஒரு விறகு காலைக்குப் போய்க் கேட்டன், உழவு மிசின் பெட்டியில வந்து இறங்கின லோட் அப்பிடியே கிடந்தது. ஒரு கட்டைய எடுத்துப் பார்த்தா வெளித்தோல் கறுப்பு, பாளம் பாளமா வெடிச்சது, உள்ளுக்கு வயிரம் கடும் சிவப்பு, கையில தூக்க இரும்புப் பாரம்.

"ஐயா, இது என்ன மரம்?"

"பாலைதான் புள்ள, வீரையும் கிடக்கு. நிண்டு எரியும், ஒரு கட்டை வைச்சா தணல் ராவைக்கும் கிடக்கும்."

"பட்ட மரமா, வெட்டினதா?"

"அதெல்லாம் நான் கேக்கிறல்ல மகள், கொண்டுவாறவன்ட்டத்தான் கேக்கணும்."

வெட்டு முகம் ஈரமாத்தான் இரிந்தது. நான் வாங்காம வந்துட்டன். அவர்ல எனக்குக் கோவம் இல்ல, அவரும் வயித்துக்குத்தான் யாவாரம் செய்யிறார், அதக் காட்டுல இருந்து கொண்டு வாற ஆளும் கூலிக்காரன்தான். ஆனா அந்தக் கட்டை என்ன எண்டு நம்மட ஆக்கள் யோசிக்கணும். பாலை எண்டா நம்மட உலர் வலயக் காட்டுட பெரிய மரம், மெதுவாத்தான் வளரும், அந்த மொத்தத்துக்கு வர மனுசன்ட ஆயுள் காணாது. வெயில் காலத்துல மஞ்சள் மஞ்சளா ரோட்டோரம் வைச்சு விக்கிற பாலைப்பழம் நமக்கு ஒரு ருசி, காட்டுல கரடிக்கு அதுதான் சாப்பாடு, குரங்கும் பறவையும் கூட அதத் தின்னும். வீரையும் அப்பிடித்தான், கெட்டியான மரம், கெதியா வளராது. குடும்பிமலை, புணானை, உன்னிச்சைப் பக்கம் போன ஆக்களுக்குத் தெரியும் எப்பிடிப்பட்ட காடு எண்டு, அது போயிட்டா யானை எங்க போறது, இப்பவே ஊருக்குள்ள வருதெண்டு எல்லாரும் கதைக்கிறம். ஒதுக்குக் காட்டுல மரம் வெட்டுறது சட்டப்படியும் குத்தம்.

"மரம்தானே, திரும்ப வளரும்தானே, கேஸ் எண்டா மண்ணுக்கடியில இருந்து எடுக்கிறது, விறகு இயற்கை" எண்டு சொல்ற படிச்ச ஆக்களும் இரிக்காங்க. இதுக்குக் கணக்கு இரிக்கு. ஒரே அளவு சூட்டுக்கு, ஒரு ஜிகாஜூலுக்கு எண்டு வைச்சுக்கொள்ளுங்க, விறகு எரிச்சா வெளிய வாற காபனீரொட்சைட்டு 112 கிலோ, நிலக்கரி எரிச்சா 95 கிலோக்குக் கிட்ட, கேஸ் எரிச்சா 63 கிலோ. ஐநாட காலநிலைக் குழு எல்லா நாட்டுக்கும் கணக்குப் பார்க்கக் குடுத்திரிக்கிற இலக்கம்தான் இது. அப்ப எரியிற இடத்துல பார்த்தா விறகு நிலக்கரிய விட மோசம். அத நல்லதாக்கிறது ஒண்டே ஒண்டு, எரிச்ச அளவு மரம் திரும்ப வளர்ந்து அந்தக் காபன இழுத்து எடுக்கிறது. சீமைக்கிளுவைக் கொப்பு எடுத்தா வாற வருசமே கடன் அடைஞ்சிடும். பாலை மரத்த எரிச்சா அந்தக் கடன் அடைய எத்தனை தலைமுறை? அதுவும் அந்த இடத்துல திரும்பப் பாலை முளைக்க விட்டாத்தான். ரெண்டையும் "விறகு" எண்டு ஒரே கூடைக்குள்ள போடுறதுதான் பிழை.

1978 நவம்பர் 23 சூறாவளியில மட்டக்களப்புத் தென்னை எல்லாம் விழுந்தது, எங்கட அம்மம்மா அத இப்ப நடந்த மாதிரிச் சொல்லுவா. தென்னைய நம்மட ஆக்கள் நட்டாங்க, அது வந்துட்டு, நாங்க அதுட தேங்காய் திண்டு வளர்ந்தம். பாலைய ஆர் நடுறாங்க? ஒருத்தரும் இல்ல. காடே தானா முளைக்க வைச்சாத்தான் உண்டு.

இந்தப் பிழை நம்மட ஊர்ல மட்டும் நடக்கிறதில்ல. இங்கிலாந்துல யோர்க்ஷயர்ல டிராக்ஸ் எண்டு ஒரு பெரிய மின்நிலையம், நிலக்கரியில ஓடினத 2013ல இருந்து ஒவ்வொரு பகுதியா மரத்துக்கு மாத்தினாங்க, மரத்த அரைச்சுத் தூளாக்கி குளிசை மாதிரி இறுக்கி அமெரிக்காவுல இருந்தும் கனடாவுல இருந்தும் கப்பல்ல கொண்டு போய் எரிக்கிறாங்க. சுத்தமான எரிபொருள் எண்டு அரசாங்க மானியமும் கிடைக்குது, ஏனெண்டா எரிக்கிற இடத்துல வாற காபனீரொட்சைட்டு கணக்குல சைபர், மரம் வெட்டின நாட்டுட நிலக் கணக்குலதான் அது ஏறணும் எண்டு விதி. 2018 ஜனவரியில கிட்டத்தட்ட 800 விஞ்ஞானிகள் சேர்ந்து ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினாங்க, மிஞ்சின கழிவுகள எரிக்கிறது வேற, எரிக்கிறதுக்கெண்டே மரம் வெட்டுறது வேற, ரெண்டாவதச் சுத்தம் எண்டு கணக்குப் பார்க்காதீங்க எண்டு. அவ்வளவு பெரிய நாடுகள்லயே இந்தக் கதைதான் பிரச்சினை. நம்மட குசினியிலயும் அதே கேள்விதான், மிஞ்சினதா, வெட்டினதா.

வாவிக்கரை ஆக்களுக்குத் தனியா ஒண்டு சொல்லணும். கண்ணா (கண்டல் மரம்) விறகு நல்லா எரியும் எண்டு எனக்கும் தெரியும். ஆனா இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளர்றது அந்தக் கண்ணா வேருக்குள்ளதான், கண்ணாவ வெட்டி அடுப்புல வைச்சா வாவியில வலை போடுற நம்மட ஆக்கள்ட சோத்தத்தான் எரிக்கிறம். 2015ல இலங்கையில உள்ள எல்லாக் கண்டல் காடும் பாதுகாக்கப்படும் எண்டு திட்டம் அறிவிச்சாங்க, முழு நாட்டுக் கண்டலையும் பாதுகாக்கிற முதல் நாடு எண்டு அப்ப பெரிசாப் பேசினாங்க. ஆனா கரையில கத்தியோட நிக்கிற ஆள் விளங்கிக் கொண்டாத்தான் அது நடக்கும்.

இப்ப "என்ன புள்ள, நீ அடுப்பப் பத்தி எழுத வந்துட்டு எங்கயோ போறா" எண்டு கேப்பீங்க. நான் அடுப்பப் பத்தித்தான் எழுதுறன். எங்கட வீட்டுல எரியிற சாமான்: தென்னை மட்டை, கொக்கரை, பன்னாடை, பொச்சு, சிரட்டை, வேலிச் சீமைக்கிளுவை, முருங்கை தறிச்சா அது (முருங்கை கெட்ட விறகு, புகையும், ஒண்டுக்கும் உதவாது, ஆனா வளவுல கிடக்கே), மாமரக் கொப்பு. பொச்சு மூட்ட நல்லம், நிண்டு எரிய காணாது. சிரட்டை சரியான சூடு, ஒரேயடியா அள்ளிப் போட்டா அடுப்பு வெடிக்கும், ரெண்டு மூண்டா போடணும். ஆக நல்லா ஒத்துப்போறது காஞ்ச சீமைக்கிளுவைதான், விரல் மொத்தம் ரெண்டு, மணிக்கட்டு மொத்தம் ஒண்டு எண்டு கலந்து வைச்சா சோறு வடிக்கும் வரைக்கும் ஊதாங்குழல் தேவைப்படாது. வளவு இல்லாத ஆக்கள் விறகு காலையில வாங்கத்தான் வேணும், அப்ப தென்னங்கட்டை, சவுக்கு, வேலி வெட்டின கொப்பு எண்டு கேட்டு வாங்குங்க. கேக்கிற ஆக்கள் கூடினா அவங்களும் அத இறக்குவாங்க, யாவாரம் அப்பிடித்தான்.

வீட்டுக்காரர் மட்டும் திருந்தி காணாதுதான். பேக்கரி, செங்கல் சூளை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரு நாளைக்கு எரிக்கிறத நாம ஒரு மாசத்துக்கும் எரிக்க மாட்டம். அம்பாறைப் பக்கத்து நெல்லு ஆலைகள்ல நெல்லு அவிக்க உமியத்தான் எரிக்கிறாங்க, அது நல்ல வழி, நெல்லு குத்தினா எப்பிடியும் வாற சாமான். "விறகடுப்புச் சமையல்" எண்டு பெரிசா போர்ட் போட்டு விக்கிற கடைகளுக்குப் போனா என்ன விறகு எண்டு ஒரு வார்த்தை கேளுங்க, மரியாதையா கேட்டா சொல்லுவாங்க.

சரி, குறைகளுக்கு வாறன். ஆகப் பெரிய குறை புகை. இந்த அடுப்புக்குப் புகைபோக்கி இல்ல, மூணு கல்ல விட புகை குறைவுதான், ஆனா புகை இரிக்கு, வாற புகை முழுக்க குசினிக்குள்ளதான். வீட்டுக்குள்ள எரிக்கிற எரிபொருள்ட புகையால 2020ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்திரிக்காங்க எண்டு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது, அடுப்படியில கூட நேரம் நிக்கிற பொம்பிளைகளும் மடியில இரிக்கிற புள்ளைகளுமே கூடுதலா பாதிக்கப்படுறது. எங்கட அம்மாக்கு இருமல் இரிக்கு, அதால அடுப்ப உள்குசினியில வைக்கவே இல்ல, மூணு பக்கம் திறந்த பின்பத்தியிலதான் வைச்சிரிக்கம். அடைச்ச குசினிதான் இரிக்கு எண்டா இத வாங்க வேணாம், அல்லது முதல்ல கூரையில புகை போக வழி வைங்க. ஆஸ்துமா உள்ள ஆக்கள் இரிக்கிற வீட்டுக்கு நான் கேஸ்தான் சொல்லுவன்.

அதோட, கேஸ்ல சமைச்சிட்டு இரிக்கிற ஆக்கள் "சூழலுக்கு நல்லம்" எண்டு நினைச்சு இதுக்கு மாறவேணாம். மேல சொன்ன இலக்கத்தப் பாருங்க, கேஸ் அடுப்புல சூட்டுல பாதியாவது சட்டிக்குப் போகும், விறகுல அது இல்ல. காசு முடையால விறகுல நிக்கிற ஆக்களுக்கும், வளவுல மட்டையும் கொப்பும் சும்மா கிடந்து உக்கிற ஆக்களுக்கும்தான் இந்த அடுப்பு. மாடு கட்டியிரிக்கிற ஆக்கள், நாலஞ்சு மாடு நிண்டா சாணிக் கேஸ் யோசிக்கலாம், அது இன்னும் திறம்.

மத்தக் குறை, வாய் விளிம்பு கெதியா உடையும். விறக இழுத்து இழுத்துத் தள்ளாம தூக்கி வைச்சா கனகாலம் நிக்கும். எரிஞ்சு கொண்டிரிக்கிற நேரம் தண்ணி ஊத்தி அணைக்கவே கூடாது, உடன வெடிக்கும், விறக வெளிய இழுத்து சாம்பலால மூடுங்க. பாரமான சட்டிய டொம்மெண்டு வைக்கக் கூடாது. சாம்பல் அள்ளாம விட்டா உள்ளுக்கு காத்துப் போற இடம் அடைச்சு புகையும், ஒவ்வொரு நாளும் வெள்ளென அள்ளிடுங்க, வாழைக்கும் பயித்தங்கொடிக்கும் அந்தச் சாம்பல் போடலாம்.

விலை இடத்துக்கு இடம் மாறும், ஒரு கேஸ் சிலிண்டர் எடுக்கிற காசுல ரெண்டு மூணு வாங்கலாம். வாங்கக்குள்ள விரலால தட்டிப் பாருங்க, கிணீர் எண்டு கேக்கணும், மந்தமா கேட்டா உள்ளுக்கு வெடிப்பு இரிக்கு இல்லாட்டி சூளையில சரியா வேகல்ல. உள் ஏத்தத்தக் கையால தடவிப் பாருங்க, சில மலிவுச் சாமான்ல அந்த ஏத்தமே இல்லாம சும்மா ரெண்டு ஓட்டை மட்டும் போட்டு அனகி எண்டு தாறாங்க, அதுல விறகு மிச்சம் பிடிக்காது. பஸ்ஸில கொண்டு வாறதெண்டா வைக்கோல் சுத்தி மடியில வைச்சுக் கொண்டு வாங்க, கீழ வைச்சா கல்லடிப் பாலம் தாண்டமுன்னம் ஒரு மூலை போயிடும்.